எனக்குப் பன்னெண்டு

— எத்தினியாவது கொடம்னு எண்றதையே விட்டுட்டேன் மாப்ள. கொல்லையில இன்னும் ரெண்டு அண்டா காலியா கெடக்குது. நீ குந்து, நிதானமா இளநி குடி.

— நான் என்னா மச்சான் பண்றது? சிதம்பரத்துலேர்ந்து வந்து வண்டியை ஸ்டாண்டு கூட போடல, அக்கா கையில இளநியைக் குடுத்துட்டாங்க. அடிபம்புக்கு தெனம் நீங்க ஒருத்தரேவா போறீங்க?

— புயலுக்கு மறுநாள்லேர்ந்து இதே டூட்டிதான். மோட்டார் ஓட கரண்டு இல்ல. கரண்டு வர கம்பம் இல்ல. பொங்கலே மெழுகுவத்தி வெளிச்சத்துல முடிஞ்சுது. அது கெடக்குது. யாரால இந்த டூட்டின்னு உங்கக்காவைக் கேளு.

— என்னை எதுக்குக் கேக்கணும்? தாயக்கட்டையைக் கேளுங்க மாமா. தெனம் காலையில உருட்டுறோம். தோத்தவங்க தண்ணிக்குப் போவணும்னு பேச்சு. நீங்க தோக்குறீங்க, நீங்க போறீங்க.

— கேட்டியா சார்லஸு? அன்பரசுன்னு ஒருத்தன் இந்தக் கடலூர்ல செல் கடை வச்சிருந்தான். இப்ப தண்ணி லாரி ஆயிட்டான்.

— ரொம்பத்தான். கடை அங்கியேதான் இருக்கு. போர்டுதான் இல்ல.

— அந்த போர்டு எங்க போச்சு தெரியுமா மாப்ள? காத்து தூக்குச்சோ, யாராச்சும் தூக்குனாங்களோ, தேவனாம்பட்டினத்துல பக்கிரின்னு ஒருத்தர் வீட்டுக் கூரை மேல படுத்திருக்குது. போய்க் கேட்டேன். ‘இதை எடுத்தா எனக்கு வீடு ஒழுகும், நீ வேற எழுதிக்க தம்பி’ங்கிறாரு. ‘அன்பரசு மொபைல்ஸ்’னு எம் பேரு இப்ப கடலைப் பாத்துக்கிட்டு மல்லாந்து கெடக்குது.

— அந்த எடத்துல வைக்கத் தகரம் வாங்கப் போறேன்னு நேத்து குறிஞ்சிப்பாடி போனாருடா. பொழுது சாய வெறுங்கையை வீசிக்கிட்டு வந்து நிக்கிறாரு.

— தகரத்துக்கு அவ்ளோ டிமாண்டு பிரிசில்லா. ஊரு பூரா கூரை போயிருக்குது இல்ல?

— சரி, அந்தக் கட்டை எங்க? நான் உங்க கல்யாணத்துக்குக் குடுத்த பித்தளைக் கட்டைதான? அன்னைக்கி என்னா திட்டு திட்டுனீங்க மச்சான். குக்கர் குடுப்பான்னு பாத்தா இவன் சூதாட்டச் சாமான் குடுக்குறான்னு.

— அது அஞ்சு வருசமா பீரோவுக்கு அடியிலதான் கெடந்துச்சு. கரண்டு போயி டிவியும் போனதும் உங்கக்காதான் தேடி எடுத்தா. இந்தா, பாரு. தேய்ச்சுத் தேய்ச்சு தங்கம் மாதிரி ஆயிடுச்சு.

— கட்டம் எதுவும் வரையலியே. எப்படி ஆடுறீங்க?

— கட்டமும் இல்ல, காயும் இல்லடா. ஆளுக்கு ஒரு நம்பர் சொல்லணும். வீட்டுக்காரருன்னு மாமா மொதல்ல சொல்வாரு. அப்புறம் நான் சொல்வேன். மாத்தி மாத்தி உருட்டுவோம். ரெண்டு கட்டையும் சேத்து யாரு சொன்ன நம்பர் மொதல்ல விழுதோ, அவங்களுக்கு ஜெயிப்பு.

— மச்சான் என்ன நம்பர் சொல்வாரு?

— பன்னெண்டு.

— நீ?

— மூணு.

— அக்கா, சத்தியமா சொல்றேன், இது அநியாயம். நீ பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்துற டீச்சரு. இந்த மனுசனைப் போயி...

— நானாடா அவரைப் பன்னெண்டு கேக்கச் சொன்னேன்? வாயைத் தொறந்தா ‘எனக்குப் பன்னெண்டு’. வேற எதுனா சொல்லுங்க மாமான்னா, ‘ஆம்பளைன்னா பெருசா கேக்கணும்’ங்கிறாரு.

— கேட்டா என்ன தப்பு? அன்னைக்கி ஒருநாள் பன்னெண்டு விழுந்துச்சா இல்லியா?

— விழுந்துச்சு. விழுந்து என்ன புண்ணியம்? ஜெயிச்ச மனுசன் கொடத்தைத் தூக்கிக்கிட்டு, ‘பம்பு இறுகிக் கெடக்குது, உனக்கு அடிக்கத் தெரியாது’ன்னு அவரே போயிட்டாரு.

— அது பம்பு மேல உள்ள பிரச்னை. ஆட்டத்து மேல இல்ல.

— எப்பவுமே தோல்விதானா மச்சான்?

— ஏன், மீன் பந்தயத்துல நான்தான் ராஜா. படகு ரெண்டு மூணு கடலுக்குப் போவ ஆரம்பிச்சதும் சங்கரா கெடைச்சுது. யாருக்குப் பெரிய துண்டுன்னு போட்டோம். நான்தான் ஜெயிச்சேன். உங்கக்கா மொகம் தொங்கிப் போச்சு.

— ஒண்ணும் தொங்கல. எனக்கு மீன் வேணாம்னு நானே நெனச்சேன். ஆனா இளநி பூரா எனக்குத்தான்டா. புயல்ல சாஞ்ச ரெண்டு தென்னைலேர்ந்து எறக்குனது. தெனம் ஒண்ணு வெட்டுவாரு. யாருக்குன்னு உருட்டுவோம். மாமா பன்னெண்டு கேப்பாரு, நான் குடிப்பேன்.

— பாத்திரம் தேய்க்கிறது?

— அதுக்கு வேற ஆட்டம். பத்து தடவ உருட்டி மொத்தக் கூட்டு எவ்ளோ வரும்னு சொல்லணும். கிட்டக்க சொன்னவங்க ஜெயிப்பு. நான் முப்பத்தெட்டுன்னேன். உங்க மச்சான் என்ன சொன்னாரு தெரியுமா? நூறு.

— நூறா?

— ஒரு நம்பிக்கைதான் மாப்ள. சிரிக்கிறதை நிறுத்து, இளநி மூக்குல ஏறும்.

— சரி சரி, நான் வந்த விசயத்துக்கு வர்றேன். சிதம்பரத்து வீட்டு ஓனர் சௌந்தரம் அம்மா இன்னைக்கிதான் கடைசி நாளுங்கிறாங்க. அந்த மாடிப் போர்ஷன் அக்கா பள்ளிக்கூடத்துலேர்ந்து கூப்புடுற தூரம். வேற ரெண்டு பார்ட்டி வந்து பாத்துட்டுப் போயிருக்கு. நாலு மணிக்குப் போன் பண்ணி வரோம், வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். என் போன்லயும் ஒரு கட்டைதான் சார்ஜ் நிக்கிது. ஒரு வருசமா இந்தப் பேச்சு பேசுறீங்க. இன்னைக்கி முடிச்சிடுங்க.

— முடிக்கத்தான் போறோம். அதுக்குத்தான் கட்டையைக் கொண்டாந்து வச்சிருக்கோம். மாமா ஜெயிச்சா கடலூர்ல இருக்கோம், நான் எப்பவும் போல பஸ்ல போயி வர்றேன். நான் ஜெயிச்சா சிதம்பரம்.

— ரெண்டு பேரும் சேந்துதான் சொல்றீங்களா? வீடு மாத்துறதையா தாயக்கட்டையில போடுவாங்க?

— பேசிப் பேசி தீரலையே மாப்ள. பேசுனா அவ அழுவா, நான் சாப்புடாம கடைக்குப் போவேன். கட்டையில போட்டா தோத்தவங்க சிரிச்சுக்கிட்டே போயிடறோம். இந்தப் புயல்ல எங்களுக்குக் கெடைச்ச ஒரே நல்ல சாமான் இதுதான்.

— அப்போ வழக்கம் போல நீங்க பன்னெண்டு, அக்கா மூணு. கதை முடிஞ்சுது. நான் சௌந்தரம் அம்மாவுக்கு இப்பவே போன் பண்ணிடறேன்.

— பண்ணாத. இருடா. மாமா, ஆட்டத்துக்கு முன்னால நீங்க ஒண்ணு கவனிக்கணும்.

— பாடமா? ஞாயித்துக்கெழமையா? மாப்ள, காப்பாத்து.

— வெளையாட்டு இல்ல மாமா. இன்னைக்கி தண்ணிக் கொடம் இல்ல, உங்க கடை. கணக்கு தெரிஞ்சவ தெரியாதவரை ஏமாத்தி ஊரை விட்டுக் கௌப்பிட்டான்னு என் மனசு என்னைக் கேக்கக் கூடாது. சொல்லுங்க, ஒரு கட்டையில எத்தினி பக்கம்?

— நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, ஒரு பக்கம் மொட்டை.

— ரெண்டு கட்டையை உருட்டுனா? ஒரு கட்டையில எது விழுந்தாலும், இன்னொண்ணுல நாலுல எது வேணா விழலாம். அப்போ மொத்தம் எத்தினி விதம்...

— பதினாறு.

— டக்குனு சொல்லிட்டீங்க?

— நாநாலு பதினாறு. ரீசார்ஜ் கார்டு விக்கிறவனுக்கு இது கூடவா தெரியாது? மேல போங்க டீச்சர்.

— அந்தப் பதினாறுல மூணு எப்படி எப்படி வரும்னு பாருங்க. மொட்டையும் மூணும். மூணும் மொட்டையும். ஒண்ணும் ரெண்டும். ரெண்டும் ஒண்ணும். நாலு விதம்.

— ஏமாத்தாத. ஒண்ணும் ரெண்டும், ரெண்டும் ஒண்ணும் ஒரே விதம்தான? எப்படிப் போட்டாலும் மூணுதான் வருது.

— வேற வேற கட்டை மாமா. ஒண்ணுல ஓரம் நசுங்கியிருக்கு, ஒண்ணுல இல்ல. நசுங்குன கட்டையில ஒண்ணு விழுறது வேற, ரெண்டு விழுறது வேற. இப்படி வச்சுக்குங்க. நீங்க தண்ணிக்குப் போயி நான் சமைக்கிறதும், நான் தண்ணிக்குப் போயி நீங்க சமைக்கிறதும் ஒண்ணா?

— ஐயோ இல்ல. ரெண்டாவதுல மூணு பேரும் பட்டினி. இப்ப நல்லா புரியுது.

— பன்னெண்டு எப்ப வரும்?

— இருக்கா, எனக்கு ஒரு டவுட்டு. ரெண்டும் மொட்டையா விழுந்தா சைபர்தான வரணும்? எப்படி பன்னெண்டு?

— அது தாயத்துல உள்ள சட்டம்டா. ரெண்டும் மொட்டையா விழுந்தா பன்னெண்டுன்னு வச்சிருக்காங்க. அபூர்வமா விழுறதுக்கு ஒரு மரியாதை. அதுக்கு ஒரே ஒரு விதம்தான். பதினாறுல ஒண்ணு. என் மூணுக்குப் பதினாறுல நாலு. மத்த நம்பர் விழுந்தா ரெண்டு பேருக்கும் இல்ல, திருப்பி உருட்டப் போறோம். அப்போ நமக்குள்ள நடக்குறது நாலுக்கும் ஒண்ணுக்கும் உள்ள சண்டை. அஞ்சு ஆட்டம் ஆடுனா சுமாரா நாலு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. புரியுதா மாமா?

— புரியுது. அந்த ஒண்ணு இன்னைக்கி விழலாம் இல்ல?

— விழலாம். விழுவும்னு நம்பிக் கடையைப் பந்தயம் வைக்கக் கூடாது.

— அக்கா, அந்த முப்பத்தெட்டு எப்படி வந்துச்சு? அதையும் சொல்லிடு, மச்சான் நூறுலேர்ந்து எறங்கட்டும்.

— ஒரு கட்டையோட சராசரி என்ன? சைபர், ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாத்தையும் கூட்டி நாலால வகுத்தா ஒண்ணரை. ரெண்டு கட்டைக்கு மூணு. ஆனா ரெண்டும் மொட்டையா விழுந்தா சைபருக்குப் பதிலா பன்னெண்டு கெடைக்குது இல்லியா? பதினாறு தடவைக்கு ஒருக்கா பன்னெண்டு ஜாஸ்தி. பன்னெண்டைப் பதினாறால வகுத்தா முக்கால். ஆக, ஒரு தடவ உருட்டுனா எதிர்பாக்குறது மூணே முக்கால்.

— மூணே முக்காலா? இந்தக் கட்டையில முக்கால் எங்க இருக்குது? காட்டு பாப்போம். ஆயுசுக்கும் உருட்டுனாலும் மூணே முக்கால் விழாது.

— ஒரு தடவையில விழாது மாமா. பத்து தடவையில தெரியும். முப்பத்தேழரை கிட்டக்க வந்து நிக்கும். நூறு தடவ போட்டா முந்நூத்தி எழுபத்தஞ்சு கிட்டக்க. நீங்க ஒரு நாளைக்கு எவ்ளோ ரீசார்ஜ் ஆவும்னு ஒரு கணக்கு வச்சிருக்கீங்க இல்ல? அதே ரூபாய்க்கா ஆவுது? முன்ன பின்னதான ஆவுது?

— இப்ப ஆவுறதெல்லாம் சைபர். ஆனா கரண்டு, யாவாரம்னு ரெண்டு மொட்டை விழுந்தும் எனக்குப் பன்னெண்டு குடுக்க ஆளு இல்ல.

— சரி, பாடம் முடிஞ்சுதா? மணி மூணரைக்கு மேல ஆயிடுச்சு. மச்சான், இப்பவாச்சும் ஒழுங்கா ஒரு நம்பர் சொல்லுங்க.

— பன்னெண்டு.

— மச்சான்.

— என்னா மச்சான்? எனக்குப் பன்னெண்டு. அவளை மூணு சொல்லச் சொல்லு. உருட்டு.

— இவ்ளோ நேரம் நான் யாருக்குடா சொன்னேன்? அந்தச் செவுத்துக்கா? முடியாது மாமா. இன்னைக்கி மொதல்ல நான்தான் சொல்வேன்.

— அது எப்படி? வீட்டுக்காரன் மொதல்ல சொல்றதுதான ரூல்?

— வாடகை குடுக்குறது ரெண்டு பேரும்தான். சார்லஸு, நீ சொல்லுடா. பொதுவா சொல்லு.

— அக்கா மொதல்ல சொல்லட்டும் மச்சான். தெனம் நீங்கதான சொன்னீங்க.

— அப்போ எனக்குப் பன்னெண்டு.

— அக்கா?

— என்னா பிரிசில்லா வெளையாடுறியா? பன்னெண்டு என்னுது.

— இப்ப என்னுது. நீங்க மூணு எடுத்துக்குங்க மாமா. அஞ்சுல நாலு உங்களுக்கு. கடலூர்லயே இருந்துடலாம்.

— அக்கா, ஒரு நிமிசம். எனக்குத் தலை சுத்துது. வீடு பாத்துக் குடுடான்னு மாசக்கணக்கா என் உசுரை எடுத்தது நீதான? பஸ்ல நின்னுக்கிட்டே போயி காலு வீங்கிப் போச்சுன்னு அழுதது நீதான? இப்ப நீயே தோக்குற நம்பரைக் கேக்குற. அதுக்கு மச்சான் வேற சண்டைக்கு வர்றாரு. தோக்குறதுக்கு அடிச்சுக்குற குடும்பத்தை இப்பதான் பாக்குறேன்.

— அந்த போர்டு போன அன்னைக்கி இவரு மொகத்தை நீ பாக்கல சார்லஸு. கடையையும் விட்டுட்டு வாங்கன்னு என் வாயால எப்படிச் சொல்றது? கட்டை சொன்னாலும் எனக்கு மனசு வராது. எடுங்க மாமா, மூணுன்னு சொல்லுங்க.

— மூணு வேணாம்.

— பின்ன?

— எந்த நம்பர் வேணா சொல்லலாம் இல்ல? அப்போ எனக்கு ஆறு.

— ஆறா?

— ஆறுதான். ஏன், ஆறுக்கு என்னா கொறைச்சல்? பன்னெண்டுல பாதி. உருட்டு மாப்ள, நீயே உருட்டு. அவ கை வேணாம், என் கையும் வேணாம்.

— இருடா. ஏன் மாமா ஆறு?

— அட, சும்மா வாயில வந்துச்சு. நாலு மணி ஆவப் போவுது, உருட்டு.

— உருட்டுறேன். இந்தா. மொட்டையும் ரெண்டும். ரெண்டு. யாருக்கும் இல்ல. இந்தா இன்னொண்ணு. ஒண்ணும் மூணும், நாலு. யாருக்கும் இல்ல. மொட்டையும் மூணும். மூணு. பாத்தீங்களா மச்சான், மூணு கேட்டிருந்தா இப்ப உக்காந்த எடத்துல ஜெயிச்சிருப்பீங்க.

— வாயை மூடிக்கிட்டு உருட்டுடா.

— மொட்டையும் ஒண்ணும், தாயம். யாருக்கும் இல்ல. இதோ. மூணு... மூணு. ரெண்டு கட்டையிலயும் மூணு. ஆறு. சத்தியமா ஆறு. மச்சான் ஜெயிச்சிட்டாரு. கடலூர்.

— செல்லாது.

— என்னா மச்சான்?

— செல்லாதுன்னேன். ஒரு கட்டை பாயில மோதிக்கிட்டு நிக்கிது, பாரு. திருப்பிப் போடு.

— எங்க மோதுது? பாய் அந்தா கெடக்குது. ஜெயிச்சவரே செல்லாதுன்னு சொல்ற ஆட்டம் உலகத்துலயே இதுதான். அக்கா, நீயே பாத்து சொல்லு.

— ஒரு கணக்கு போட்டுக்கிட்டிருக்கேன். மாமா, என் மூஞ்சியப் பாருங்க.

— மூஞ்சியில என்னா இருக்குது?

— நான் மூணுக்கும் பன்னெண்டுக்கும்தான் விதம் சொன்னேன். ஆறு பத்தி ஒரு வார்த்தை சொல்லல. மூணும் மூணும் விழுந்தாத்தான் ஆறு. அதுக்கும் ஒரே விதம்தான். பன்னெண்டை நான் எடுத்துட்டா, பதினாறுல ஒண்ணுன்னு மிச்சம் இருக்குற ஒரே நம்பர் அதுதான். கணக்கு தெரியாதவரா இருந்தா மூணு வேணாம்னா நாலு சொல்லியிருப்பீங்க, அஞ்சு சொல்லியிருப்பீங்க. தேடிப் புடிச்சு அதை எப்படி எடுத்தீங்க?

— குருட்டு அதிர்ஷ்டம் டீச்சர்.

— அப்போ இதுக்குப் பதில் சொல்லுங்க. தண்ணிக் கொடம்னா பன்னெண்டு கேட்டீங்க. இளநின்னா பன்னெண்டு கேட்டீங்க. மீன் துண்டுன்னா என்ன கேட்டீங்க?

— அது ஞாபகம் இல்ல.

— எனக்கு இருக்கு. மீனுக்கு மட்டும் மூணு. நான் என்னடான்னு பாத்தேன், மீன் மேல ஆசைன்னு விட்டுட்டேன். கொடம் தூக்குறதுன்னா தோக்குறீங்க. இளநின்னா தோக்குறீங்க. மீன்னா ஜெயிக்கிறீங்க. தப்பித் தவறி கொடத்துல ஜெயிச்சாலும் நீங்களே தூக்கிக்கிட்டுப் போறீங்க. கணக்கு தெரியாத மனுசன் இப்படி கணக்கா தோக்க முடியாது மாமா.

— மாட்டிக்கிட்டீங்க மச்சான்.

— அது கெடக்குது. நீ போனைப் போடு. நாலு ஆச்சு.

— போட்டுட்டேன், போவுது. சௌந்தரம் அம்மாவா? நான் சார்லஸ் பேசுறேன்மா. அந்த மாடிப் போர்ஷன்... ஆமாம்மா, எங்கக்காவுக்குப் பாத்தது. இல்லம்மா, அவங்க கடலூர்லயே... என்னாம்மா? யாரு? எப்ப? நேத்தா? அட்வான்ஸா? சரிம்மா. ஷட்டரா? அதையும் சேத்தா? சரி. இல்ல இல்ல, ஒண்ணும் கொழப்பம் இல்ல. வைக்கிறேன்மா.

— என்னாடா சொன்னாங்க?

— நேத்து மத்தியானம் ஒரு ஆளு வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிட்டாராம். கீழ காலியா கெடக்குற சின்னக் கடை ஷட்டரையும் சேத்துப் பேசிட்டாராம். ‘எங்க வீட்டுல நாங்க ஊரு மாத்துறதை ஒரு கட்டைதான் சொல்லணும், அது வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க’ன்னு சொல்லிட்டுப் போனாராம். அந்த அம்மாவுக்கு இன்னும் ஒண்ணும் புரியலையாம்.

— குறிஞ்சிப்பாடிக்குத் தகரம் வாங்கப் போனீங்களே மாமா.

— பஸ்ல தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா சிதம்பரம்.

— மாமா.

— சரி, சொல்றேன். கடையில கரண்டும் இல்ல, கஸ்டமரும் இல்ல. நாள் பூரா என்னா பண்றது? காலையில ஆட்டம் முடிஞ்சதும் கட்டையைக் காணோம்னு நீ தேடுவ இல்ல, அது என் சட்டைப் பையில கடைக்கு வந்துடும். உருட்டிக்கிட்டே இருப்பேன். சுரண்டிப் போட்ட ரீசார்ஜ் கார்டு ஒரு டப்பா நெறைய கெடந்துச்சு. விழுற நம்பருக்கு நேரா ஒரு கார்டு வைக்கிறது. மூணுக்கு நேரா குமி ஒசரமா வந்துச்சு. ரெண்டு பக்கமும் சரிஞ்சுக்கிட்டே போயி, ஆறுக்கும் பன்னெண்டுக்கும் தரையோட தரையா கெடந்துச்சு. நீ இன்னைக்கி சொன்ன பாடத்தை எனக்கு அந்தக் கார்டு எப்பவோ சொல்லிடுச்சு. மூணே முக்கால் மட்டும்தான் இன்னைக்கிப் புதுசு.

— அப்போ ஆரம்பத்துலேர்ந்து எல்லாம் நடிப்பா மச்சான்? நூறு?

— நூறு கொஞ்சம் ஜாஸ்திதான். மாட்டிப்பேனோன்னு பயந்தேன்.

— எனக்காக ஏன் மாமா கடையை விடணும்? நான்தான் எல்லாத்தையும் யோசிச்சு வச்சிருந்தேனே. கடலூர்னு ஆச்சுன்னா பள்ளிக்கூடத்துக்கு லாங் லீவு போட்டுட்டு வீட்டோட இருந்துடலாம்னு லெட்டர் கூட எழுதிட்டேன்.

— லீவா? பஸ்ல போயி வர்றேன்னு சொன்ன? நல்லா இருக்குற டீச்சரு எதுக்கு லாங் லீவு போடுவா?

— அது வந்து...

— நான் சொல்லட்டா? பொங்கலுக்கு முன்னால ஒருநாள் கருவாடு வறுக்குறப்ப மூக்கைப் பொத்திக்கிட்டு வாசலுக்கு ஓடுன. மறுநாள் மீன் வாங்குனேன், எனக்கு வேணாம்னு மொகத்தைத் திருப்பிக்கிட்ட. சங்கரா மீனைப் பாத்துட்டு மொகம் திருப்புற ஆளா நீ? அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீயா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். பெரிய துண்டு உன் தட்டுக்கு வரக் கூடாதுன்னுதான் மீனுக்கு மட்டும் மூணு.

— அக்கா. நெசமாவா? நான் மாமா ஆவப் போறேனா?

— கத்தாதடா, தெருவுக்கே கேக்கும். அதுக்கு முன்னாலயும் பன்னெண்டுதான மாமா கேட்டீங்க?

— அது காலு வீங்குன டீச்சருக்கு. மீதி கொழந்தைக்கு. கடையை எங்க வேணா வைக்கலாம் பிரிசில்லா. போர்டு எப்படியும் புதுசா எழுதணும். பழசு பக்கிரி வீட்டுலயே இருக்கட்டும், அவருக்கு ஒழுகாம இருக்கட்டும். ஆனா அந்த பஸ்ஸு வேணாம். ஆலப்பாக்கம் தாண்டுனதும் அந்த ரோடு தூக்கித் தூக்கிப் போடுது. அதுல இனிமே நீங்க ரெண்டு பேரும் போறதை நெனச்சா எனக்குக் கடையில கை ஓடாது.

— ரெண்டு பேரா? இவ்ளோ கணக்கு போட்டவரு கடைசிக் கூட்டல்ல தப்பு பண்ணிட்டீங்களே மாமா.

— என்னா தப்பு?

— வெள்ளிக்கெழமை ஸ்கேன்ல டாக்டரம்மா ரெண்டு துடிப்பு காட்டுனாங்க. என்னையும் சேத்துப் பாருங்க, நான் தெனம் கேக்குற நம்பர்தான் வரும்.